மூன்றாவது பாடம்

வல்வெட்டித்துறையில் ஒரு பிள்ளை மருத்துவபீடத்துக்குத் தெரிவானால் தெருவே பதாகை கட்டும். பொறியியல் என்றால் கோயிலில் பொங்கல். முகாமைத்துவம் என்றால் கனடாவுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு. கலைப்பீடம் என்றால், "பரவாயில்லை, கம்பஸ்தானே" என்று ஒரு பெருமூச்சு.

அந்தக் கலைப்பீடத்துக்குள்ளும் மேல் கீழ் உண்டு. மூன்று பாடம் எடுக்க வேண்டும் என்பது விதி. ஒன்று விருப்பத்தால் வரும். இன்னொன்று உயர்தரத்தில் கிடைத்த பெறுபேற்றால் வரும். மூன்றாவது? நேர அட்டவணையில் மற்ற இரண்டோடும் மோதாத பாடம் எதுவோ, அது. பொருளியல் பல பிள்ளைகளிடம் வந்து சேருவது இந்த வழியால்தான். அரிசி விலையையும் அப்பாவின் ஓய்வூதியத்தையும் தங்கையின் திருமணத்தையும் தீர்மானிக்கிற பாடத்தை ஒரு பிள்ளைக்குத் தீர்மானித்துக் கொடுப்பது திங்கட்கிழமை காலை எட்டு மணி வெற்றிடம்.

பிள்ளைகளைத் திட்டப் போகிறேன் என்று நினைக்க வேண்டாம். பிள்ளைகள் செய்வதைத்தான் சுதந்திரம் கிடைத்த நாள் முதல் இந்த நாடும் செய்கிறது. இலங்கை அரசுக்கும் மூன்று பாடங்கள். முதற்பாடம் தேர்தல். இரண்டாம் பாடம் இனம். பொருளாதாரம் மூன்றாவது பாடம். அட்டவணையில் இடம் மிஞ்சினால் மட்டும் பார்ப்பார்கள். முதலிரண்டு பாடத்திலும் நம் ஆட்சியாளர்கள் விசேட சித்தி. மூன்றாவதில் 2022 ஏப்ரல் 12ஆம் திகதி பெறுபேறு வெளியானது. வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று நாடு உலகத்துக்கு அறிவித்தது.

மாணவன் மூன்றாவது பாடத்தில் தவறினால் மீள எழுதுகிறான். நாடு தவறினால் நாம் மண்ணெண்ணெய் வரிசையில் நிற்கிறோம்.

பொருளியல் வகுப்பில் முதலில் சொல்லித் தரும் மந்திரம் ஒன்று உண்டு: ஏனையவை மாறாதிருக்க. விலை கூடினால் கேள்வி குறையும், ஏனையவை மாறாதிருக்க. வருமானம் கூடினால் நுகர்வு கூடும், ஏனையவை மாறாதிருக்க. இந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு உலகத்தின் எந்தச் சிக்கலையும் கரும்பலகையில் இரண்டு கோடுகளாக்கி விடலாம்.

வல்வெட்டித்துறையில் ஏனையவை எந்தக் காலத்தில் மாறாதிருந்தன? 1987 மே மாதம் வடமராட்சி நடவடிக்கை. அதே வருடம் அமைதி காக்க இந்தியப் படை. 1989 ஓகஸ்ட் மாதம் அந்த அமைதி இந்த ஊரில் அறுபதுக்கும் மேற்பட்ட பொதுமக்களைச் சுட்டுக் கொன்று, வீடுகளையும் கடைகளையும் எரித்துவிட்டுப் போனது. 1990இல் பொருளாதாரத் தடை. 1995இல் வலிகாமமே இடம்பெயர்ந்து தென்மராட்சிக்கும் வடமராட்சிக்கும் வந்தது. 2004இல் கடலே எழுந்து வந்தது. 2022இல் நாடு வங்குரோத்து. இத்தனைக்கும் நடுவில் மாறாமல் இருந்தது ஒன்றுதான்: மேடைப் பேச்சு.

ஆனாலும் இந்த ஊருக்குப் பொருளியல் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. எந்தப் பல்கலைக்கழகமும் பட்டம் தராத காலத்திலேயே கடலில் படித்த ஊர் இது. இங்கே கட்டிய பாய்க்கப்பல் அன்னபூரணி 1938இல் அட்லாண்டிக் சமுத்திரத்தைக் கடந்து அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தில் போய் நின்றது. வாங்கியவர் ஓர் அமெரிக்கர். ஓட்டிச் சென்றவர்கள் இந்த ஊர் மாலுமிகள். மூலதனம், உழைப்பு, தொழில்நுட்பம், ஏற்றுமதி என்று பாடப்புத்தகம் நான்கு அத்தியாயத்தில் சொல்வதை ஒரே கப்பலில் ஏற்றி அனுப்பிய தண்டையல்களின் ஊர்.

அப்படிப்பட்ட ஊருக்கு அரசாங்கம் என்ன பாடம் நடத்தியது? 1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடு. துணி இல்லை, சாமான் இல்லை, இருந்தாலும் வரிசை. ஒரு பொருளைத் தடுத்தால் அதன் விலை ஏறும். விலை ஏறினால் யாரோ ஒருவர் படகை இறக்குவார். முதலாம் வருட மாணவனுக்கும் தெரிந்த விதி. பாக்குநீரிணையின் இருபுறமும் இரண்டு விலையை வைத்தவர்கள் கொழும்பில் இருந்தார்கள். அந்த இடைவெளியில் படகு ஓட்டியவர்கள் வல்வெட்டித்துறையில் இருந்தார்கள். கள்ளக்கடத்தல்காரர் என்ற பட்டம் மட்டும் இரண்டாமவருக்கே வந்தது. 1977இல் ஜே. ஆர். ஜயவர்த்தன கதவைத் திறந்தார். அதே சேலை, அதே சாமான் கொழும்புத் துறைமுகம் வழியாக வந்து இறங்கின. இறக்கியவர்கள் கனவான் வர்த்தகர்கள் ஆனார்கள். இரவில் செய்தால் குற்றம். பகலில் அமைச்சரோடு செய்தால் கொள்கை.

பிறகு 1990களின் தடை. யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் போகக் கூடாது, பற்றரி போகக் கூடாது, சீமெந்து போகக் கூடாது, உரம் போகக் கூடாது. மனிதர் மட்டும் உயிரோடு இருக்கலாம், முடிந்தால். ஜாம் போத்தலுக்குள் சொட்டு மண்ணெண்ணெய் விட்டு விளக்கேற்றி, அந்த வெளிச்சத்தில் பிள்ளைகள் உயர்தரத்துக்குப் படித்தார்கள். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி டைனமோ சுற்றி வானொலிச் செய்தி கேட்டார்கள். அருமைப்பட்ட வளங்களை எப்படிப் பங்கிடுவது என்பதே பொருளியலின் வரைவிலக்கணம் என்று பாடப்புத்தகம் சொல்கிறது. அந்தப் புத்தகத்தை எழுதியவருக்கே இந்த ஊர் ஆச்சிமார் வகுப்பெடுத்திருப்பார்கள்.

2021ஆம் ஆண்டுக்கு வருவோம். மத்திய வங்கி ஒரு டொலருக்கு 200 ரூபாவைச் சுற்றி விலை கட்டி, அதற்கு மேல் போகக் கூடாது என்று உட்கார்ந்திருந்தது. அதே நேரம் ஊரில் ஆச்சி ஒருவர் தொலைபேசியில் மகனிடம் கேட்கிறார்: "தம்பி, பாங்கில போடப் போறியோ, உண்டியல்ல அனுப்பப் போறியோ? உண்டியல்ல நாப்பது ரூபா கூட வருதாம்." முடிந்தது. நாணயமாற்றுக் கொள்கை பற்றிய ஆய்வரங்கு முழுவதும் அந்த ஒரு கேள்வியில் அடங்கிவிட்டது. வெளிநாட்டில் உழைப்பவர்கள் வங்கி வழியாக அனுப்பிய பணம் 2020இல் 7.1 பில்லியன் டொலர். 2021இல் 5.5 பில்லியன். 2022இல் 3.8 பில்லியன். ஏறத்தாழப் பாதியாகிவிட்டது. ஆச்சிக்குத் தெரிந்தது ஆளுநருக்குத் தெரியவில்லை. அல்லது தெரிந்தும் பிடிவாதம். எது மோசம் என்று உங்களுக்கே தெரியும்.

"பொருளியல் படித்தவர்கள் ஆண்டிருந்தால் இப்படி நடந்திருக்காது" என்று ஒரு சமாதானம் சொல்வார்கள். அந்தச் சமாதானத்துக்கும் இடமில்லை. படித்தவர்கள்தான் இருந்தார்கள்.

2019 டிசம்பர் முதல் 2021 செப்டம்பர் வரை மத்திய வங்கி ஆளுநர் டபிள்யூ. டி. லக்ஷ்மன். கொழும்புப் பல்கலைக்கழகத்தின் முன்னாள் துணைவேந்தர். பொருளியல் பேராசிரியர். எத்தனையோ தலைமுறைக்குப் பாடம் சொன்னவர். ஜனாதிபதியின் செயலாளராக இருந்த பி. பி. ஜயசுந்தர பொஸ்ரன் பல்கலைக்கழகத்துப் பொருளியல் கலாநிதி. லக்ஷ்மனுக்குப் பிறகு வந்த அஜித் நிவார்ட் கப்ரால் பட்டயக் கணக்காளர். ஆக, பேராசிரியரும் இருந்தார், கலாநிதியும் இருந்தார், கணக்காளரும் இருந்தார். இல்லாமல் போனது டொலர் மட்டும்.

இத்தனை படிப்பும் கூடி என்ன செய்தது? 2019 டிசம்பரில் வற் வரியை 15 வீதத்திலிருந்து 8 வீதத்துக்கு வெட்டினார்கள். தேர்தல் வாக்குறுதியாம். முதற்பாடத்தில் சித்தியடைவதற்காக மூன்றாவது பாடத்தின் விடைத்தாளைக் கிழித்தார்கள். வரி வருமானம் விழுந்தது. செலவு விழவில்லை. இடைவெளியை நிரப்பப் பணம் அச்சிட்டார்கள். சொந்த நாணயத்தில் பட்ட கடன் பெரிய சிக்கலில்லை என்று ஒரு சித்தாந்தமும் அப்போது துணைக்கு வந்தது. முதலாம் வருட மாணவன் பரீட்சையில் அப்படி எழுதியிருந்தால் பக்கத்தில் சிவப்பு மையால் ஒரு வட்டம் விழுந்திருக்கும்.

2020 ஒக்டோபரில் சீனிக்கான விசேட இறக்குமதி வரியை 50 ரூபாவிலிருந்து 25 சதத்துக்குக் குறைத்தார்கள். ரூபாவிலிருந்து சதத்துக்கு. அரசுக்கு வர வேண்டிய கோடிகள் போயின. கடையில் சீனி மலிந்ததா? உங்கள் வீட்டுத் தேநீரைக் கேட்டுப் பாருங்கள். 2021 மே மாதம் இரசாயன உரத்தை ஒரே இரவில் தடை செய்தார்கள். 1990களில் வடக்குக்கு மட்டும் இருந்த உரத் தடை முப்பது வருடம் கழித்து முழு நாட்டுக்கும் சமமாகக் கிடைத்தது. தேசிய ஒருமைப்பாடு இப்படியும் வரும். அதே வருடம் நவம்பரில் தடையை எடுத்தார்கள். மன்னிப்புக் கேட்டார்களா? அது பாடத்திட்டத்தில் இல்லை.

2022 ஜனவரி 18ஆம் திகதி 500 மில்லியன் டொலர் சர்வதேசப் பிணைமுறிக் கடனை நாடு கட்டியது. எரிவாயுவுக்கும் மருந்துக்கும் டொலர் இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்த அதே நாடு. வெளிநாட்டு முதலீட்டாளர் முகம் வாடக் கூடாது. வரிசையில் நிற்பவர் முகம் வாடலாம், அது வெயில். மூன்று மாதம் கழித்து எப்படியும் கட்ட முடியாது என்று கையை விரித்தார்கள். அதற்கு முந்தைய மார்ச் மாதம் மேல் மாகாணப் பாடசாலைகளில் தவணைப் பரீட்சையை ஒத்திவைத்தார்கள். காரணம், வினாத்தாள் அச்சிடக் காகிதம் இல்லை. பணம் அச்சிட வழி இருந்தது. வினா அச்சிடத்தான் வழி இருக்கவில்லை. வினா எப்போதுமே ஆபத்தானது.

2022 மார்ச்சில் ரூபாவை விட்டுக் கொடுத்தார்கள். மே மாதத்தில் டொலர் 360 ரூபாவைத் தொட்டது. செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 வீதம். தைப்பொங்கலுக்கு வல்வெட்டித்துறைக் கடற்கரையில் ஏறுகிற பட்டத்துக்குக்கூட நூல் பிடிக்க ஓர் ஆள் நிற்பார். இந்த ஏற்றத்துக்கு நூலும் இல்லை, பிடிக்க ஆளும் இல்லை. பிடிக்க வேண்டிய ஜனாதிபதி கோட்டாபய ஜூலை மாதம் விமானம் ஏறிவிட்டார்.

பிறகு நீதி வந்தது. 2023 நவம்பர் 14ஆம் திகதி உயர் நீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்ப்பு வழங்கியது. ராஜபக்ஷ சகோதரர்களான கோட்டாபய, மஹிந்த, பசில், இவர்களோடு கப்ரால், லக்ஷ்மன், ஜயசுந்தர முதலானோர் மக்கள் நம்பிக்கையை மீறினார்கள், பொருளாதார நெருக்கடிக்குப் பொறுப்பானவர்கள் என்றது. படித்ததும் நெஞ்சு நிமிர்ந்தது. அடுத்த வரியைத் தேடினோம். சிறை இல்லை. நட்டஈடு இல்லை. மனுதாரர்களுக்கு வழக்குச் செலவாக 150,000 ரூபா. இரண்டு கோடிக்கும் அதிகமான மக்களின் சேமிப்பைக் கரைத்ததற்கு ஒரு நடுத்தரக் கைப்பேசியின் விலை. ஒரு வள்ளத்தைப் பறிமுதல் செய்தால் மீனவனுக்கு இதைவிடக் கூட நட்டம் வரும்.

அந்த மீனவனிடம் வருவோம். பில் கடைசியில் அவனிடம்தான் வந்தது. 2022 ஓகஸ்ட் மாதம் ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியது. ஒரே இரவில். வெளியிணைப்பு இயந்திரம் மண்ணெண்ணெயில் ஓடுகிறது. கடலுக்குப் போனால் எரிபொருள் செலவு. போகாவிட்டால் அடுப்பு எரியாது. கடலில் யார் நிற்கிறார்கள்? இந்திய இழுவைப் படகுகள். 2017இலேயே இழுவைமடித் தொழிலைத் தடை செய்து சட்டம் போட்டாயிற்று. சட்டம் கொழும்பில் இருக்கிறது. மடி நம் கடலில் இருக்கிறது. தாளில் தடை, நீரில் அறுந்த வலை.

அதே ஓகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 வீதம் ஏறியது. 2023 பெப்ரவரியில் மேலும் 66 வீதம். மார்ச்சில் சர்வதேச நாணய நிதியம் ஏறத்தாழ 3 பில்லியன் டொலருக்குச் சம்மதித்தது. இலங்கை அந்தக் கதவைத் தட்டியது பதினேழாவது தடவை. பதினேழு தடவை ஒரே பரீட்சையை எழுதும் மாணவனைப் பள்ளிக்கூடத்தில் வைத்திருக்க மாட்டார்கள். நாட்டை ஆள விடுவார்கள். 2024 ஜனவரியில் வற் வரி 18 வீதம். வெட்டிய 8 வீதத்தையும், அதற்கு முந்தைய 15 வீதத்தையும் தாண்டி வந்துவிட்டது. வெட்டிய காலத்தில் மிச்சம் பிடித்தவர் யார்? பெரிய நிறுவனம். இப்போது கட்டுபவர் யார்? சோப் வாங்கும் நீங்கள்.

"எல்லாரும் இடுப்பை இறுக்குங்கள்" என்று கட்டளை. இறுக்கினோம். 2024 தொடக்கத்தில் ஒரு செய்தி வந்தது. மத்திய வங்கி தன் ஊழியர்களுக்கு ஏறத்தாழ 70 வீதம் சம்பளத்தை உயர்த்தியிருக்கிறதாம். பணவீக்கத்தைக் கட்டுப்படுத்த வேண்டிய நிறுவனம், தன் வீட்டுக்குள் மட்டும் பணவீக்கத்துக்கு ஈடு கட்டிக்கொண்டது. இடுப்பு நம்முடையது, வார் அவர்களுடையது.

இப்போது அந்த மூன்றாவது பாடத்துப் பிள்ளை. மூன்று வருடமோ நான்கு வருடமோ, இடையில் வேலைநிறுத்தம், கொரோனா, எரிபொருள் இல்லாத மாதங்கள் என்று அதற்கும் மேலோ படித்து ஒரு சுருள் தாளோடு ஊருக்கு வருகிறது. பொருளியல் படித்த பிள்ளையை எடுக்க வடக்கில் என்ன இருக்கிறது? காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1950இல் தொடங்கியது. 1990இல் நின்றது. நின்றது நின்றதுதான். வங்கிக் கிளைகள் இருக்கின்றன. நம் ஊர்ச் சேமிப்பைத் திரட்டித் தெற்குக்குக் கொண்டுபோக. லீசிங் கம்பனிகள் இருக்கின்றன. முச்சக்கர வண்டியைப் பறித்துக் கொண்டுபோக. மீதி அரச வேலை.

2017இல் வேலையற்ற பட்டதாரிகள் யாழ்ப்பாணம் மாவட்டச் செயலகத்துக்கு முன்னால் கொட்டகை போட்டு மாதக்கணக்கில் உட்கார்ந்தார்கள். அமைச்சர் வந்தார், பார்த்தார், படம் எடுத்தார், போனார். 2020இல் அரசாங்கம் நாடு முழுவதும் 50,000 பட்டதாரிகளுக்கு வேலை என்று அறிவித்தது. பயிலுநர் என்று பெயர். மாதம் 20,000 ரூபா படி. எந்தத் திணைக்களத்துக்கு எத்தனை பேர் தேவை என்று யாரும் கணக்குப் பார்த்ததாகத் தெரியவில்லை. வாக்கு எத்தனை தேவை என்று பார்த்திருப்பார்கள். 2022இல் நிரந்தர நியமனம் வந்தது. அதே வருடம் ரூபா தன் நிரந்தரத்தை இழந்தது.

பதவியின் பெயர்தான் உச்சம்: அபிவிருத்தி உத்தியோகத்தர். அபிவிருத்தி எங்கே என்று கேட்காதீர்கள். உத்தியோகம் இருக்கிறது. பிரதேச செயலகத்தில் ஒரு கதிரைக்கு மூன்று பேர். முன்னால் ஒரு கோப்பு. கோப்பில் ஒரு படிவம். படிவத்தில் ஓர் ஆச்சியின் வீட்டில் எத்தனை ஆடு என்று எழுத வேண்டும். நெகிழ்ச்சி, சென்மதி நிலுவை, அமையச் செலவு என்று படித்த பிள்ளை ஆடு எண்ணுகிறது. எண்ணிய கணக்கை மேலே அனுப்புகிறது. மேலே யாரும் வாசிப்பதில்லை. அடுத்த வருடம் அதே வீட்டில் அதே ஆட்டை இன்னொரு அமைச்சு எண்ணச் சொல்கிறது. ஆடு இதற்குள் விற்றாயிற்று, மின்கட்டணத்துக்கு.

அமையச் செலவு என்றால், ஒன்றைத் தெரிவு செய்யும்போது கைவிட வேண்டிய அடுத்த சிறந்த வாய்ப்பின் பெறுமதி. அந்தப் பிள்ளையின் அமையச் செலவு என்ன? இலவசக் கல்விக்குப் போன நம் வரிப்பணமும், பெற்றோரின் நகையும், இளமையின் நான்கு வருடமும் வேறு எதைத் தந்திருக்குமோ, அது. அதை உணர்ந்த பிள்ளைகள் போகிறார்கள். 2022இல் மட்டும் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வெளிநாட்டு வேலைக்குப் பதிந்து போனார்கள். பதியாமல் போனவர்களும் உண்டு. அந்த வருடம் நவம்பரில் கனடாவை நோக்கிப் போன படகொன்றிலிருந்து 303 இலங்கையர் நடுக்கடலில் மீட்கப்பட்டு வியட்நாமில் இறக்கப்பட்டார்கள். அவர்கள் எல்லோரும் அமையச் செலவைக் கணக்குப் பார்த்துத்தான் ஏறினார்கள். கணக்குப் பிழை அவர்களுடையதல்ல.

பணம் இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். பணம் இருந்தது. மத்தளவில் 2013இல் ஒரு சர்வதேச விமான நிலையம் திறந்தார்கள். விமானம் வரவில்லை. 2015இல் அதன் சரக்குக் கட்டடத்தில் நெல் மூட்டை அடுக்கினார்கள். ஓடுபாதையோடு கூடிய ஒரே நெற்களஞ்சியம் என்ற பெருமை நமக்குண்டு. அம்பாந்தோட்டைத் துறைமுகம் கட்டினார்கள். 2017இல் 99 வருடக் குத்தகைக்கு 1.12 பில்லியன் டொலருக்குக் கொடுத்தார்கள். சீனக் கடனில் கட்டிச் சீனக் கம்பனிக்கே கொடுத்த கெட்டித்தனத்தை எந்தப் பாடப்புத்தகத்தில் படித்தார்கள்?

வடக்குக்கும் செய்தார்கள். 2023 ஒக்டோபர் 14ஆம் திகதி நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே கப்பல் விட்டார்கள். இந்தியப் பிரதமரே காணொளியில் தோன்றித் தொடக்கி வைத்தார். சில நாட்களில் நின்றுபோனது. காரணம் வடகீழ்ப் பருவக்காற்று. ஒவ்வொரு வருடமும் ஐப்பசி கார்த்திகையில் தவறாமல் வருகிற காற்று இரண்டு அரசாங்கங்களுக்கும் திடீர்ச் செய்தி. பாய்க்கப்பலில் அட்லாண்டிக்கைக் கடந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இதைப் பார்த்துச் சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல் நின்றார்கள். யாராவது ஒரு முதிய கடலோடியிடம் கேட்டிருந்தால் திறப்பு விழாச் செலவு மிச்சம்.

கொழும்பைத் திட்டினால் கை தட்டுவீர்கள். கொஞ்சம் பொறுங்கள். நம்மவர்களுக்கும் பொருளாதாரம் மூன்றாவது பாடம்தான். நம் தலைவர்களில் பலர் அப்புக்காத்துமார். அரசியலமைப்பின் பந்தி, உபபந்தி எல்லாம் தலைகீழாகச் சொல்வார்கள். ஒரு கிலோ வெங்காயத்தின் உற்பத்திச் செலவைக் கேளுங்கள், தண்ணீர் குடிப்பார்கள். 2013இல் முதலாவது வடக்கு மாகாண சபையை வாக்குகளால் நிரப்பி அனுப்பினோம். தலைமையில் ஓர் ஓய்வுபெற்ற நீதியரசர். ஐந்து வருடம் தீர்மானம் தீர்மானமாக நிறைவேற்றினார்கள். முதலமைச்சர் நிதியத்துக்குக் கொழும்பு அனுமதி தரவில்லை. உண்மைதான், அநியாயம்தான். ஆனால் தராத நிதியைப் பற்றிப் பேசிய நேரத்தில் பாதியை, ஒரு தொழிற்சாலை, ஒரு குளிரூட்டும் களஞ்சியம், ஒரு மீன் பதனிடும் நிலையம் பற்றிப் பேசியிருக்கலாம். பேசவில்லை. 2018 ஒக்டோபரில் சபையின் காலம் முடிந்தது. தீர்மானங்கள் கோப்பில் இருக்கின்றன. மீன் இன்னும் பனிக்கட்டியோடு கொழும்புக்குத்தான் போகிறது.

தீர்வு வந்த பிறகு பொருளாதாரம் பார்க்கலாம் என்கிறார்கள். தீர்வு வரும்போது தீர்வைப் பெற்றுக்கொள்ள ஊரில் யார் இருப்பார்கள்? ரொறன்ரோவிலும் இலண்டனிலும் இருப்பார்கள். கோயில் திருவிழாவுக்கு வருவார்கள். கோபுரம் உயரும், வாசலில் பூட்டுத் தொங்குகிற வீடுகளும் கூடும். இதையும் வளர்ச்சி என்று எழுதிக்கொள்ளலாம், சீமெந்து விற்பனையை மட்டும் பார்த்தால்.

பொருளியலைத் துணைப்பாடமாகப் படிப்பதில் இழிவு ஒன்றும் இல்லை. இருபதாம் நூற்றாண்டுப் பொருளியலைப் புரட்டிப்போட்ட ஜோன் மேனாட் கெயின்ஸ் கேம்பிரிட்ஜில் பட்டம் பெற்றது கணிதத்தில். பொருளியலில் அவருக்குப் பட்டமே இல்லை. அடம் ஸ்மித் கிளாஸ்கோவில் கற்பித்தது அறநெறித் தத்துவம். வேறொன்றைப் படித்துவிட்டுப் பக்கத்தில் பொருளியலைப் பார்த்தவர்கள்தான் அதைக் கட்டினார்கள். இந்து நாகரிகமும் பொருளியலும் சேர்த்துப் படிக்கும் பிள்ளை, கோயில் திருவிழாவின் வரவு செலவை ஆராய்ந்து எழுதலாம். புவியியலும் பொருளியலும் படிக்கும் பிள்ளை, பாக்குநீரிணையின் மீன்வளம் எவ்வளவு, எவ்வளவு கொள்ளை போகிறது என்று கணக்கிடலாம். அந்தப் பிள்ளையிடம் அதைக் கேட்க ஒரு பேராசிரியர் வேண்டும். எழுதினால் வாசிக்க ஒரு சபை வேண்டும். வாசித்தால் செய்ய ஓர் அரசு வேண்டும். நாமோ அதை ஆடு எண்ண அனுப்பிவிட்டோம்.

பிள்ளைக்கு மூன்றாவது பாடமாக இருந்தால் நட்டம் ஒரு குடும்பத்துக்கு. ஆட்சிக்கு மூன்றாவது பாடமாக இருந்தால் நட்டம் ஒரு தலைமுறைக்கு. முதல் வகை மாணவனுக்கு வேலை கிடைக்காது. இரண்டாவது வகை மாணவனுக்கு வேலை கொடுத்தது நாம்தான். வாக்குச் சீட்டில்.

ஆகவே அடுத்த தடவை, வெள்ளை வேட்டியோ வெள்ளைச் சட்டையோ, நீலமோ பச்சையோ சிவப்போ, வீடோ சைக்கிளோ, கைகூப்பிக்கொண்டு உங்கள் படலைக்கு வருபவரை உட்கார வைத்துத் தேநீர் கொடுங்கள். சீனி போடாமல் கொடுங்கள். பிறகு மூன்று கேள்வி கேளுங்கள். இன்றைக்கு மண்ணெண்ணெய் லீற்றர் என்ன விலை? நீங்கள் தருகிறேன் என்று சொல்கிறதற்குக் காசு யாருடைய பையிலிருந்து வரும்? 2019இல் வரியை வெட்டியபோது, 2021இல் உரத்தை நிறுத்தியபோது, நீங்கள் எங்கே நின்றீர்கள், கை உயர்த்தினீர்களா, வாய் மூடியிருந்தீர்களா?

இனம், மொழி, மானம், வரலாறு பற்றி அவர் மணிக்கணக்கில் பேசுவார். பேசட்டும், அவையும் நம்முடையவைதான். ஆனால் இந்த மூன்று கேள்விக்கும் விடை தெரியாதவருக்குப் புள்ளடி போடாதீர்கள்.